கொன்றை சூடிய முயல்: எப்படி ரசிப்பது?

கம்பளி நூலில் பின்னிய பொம்மை முயல் ஒன்று கைக்கு வந்தால், முதலில் அதன் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். சட்டை தனியாகக் கழன்று வந்தால், பின்னியவர் இரண்டு வேலை செய்திருக்கிறார். முதலில் முயலைப் பின்னியிருக்கிறார். பிறகு அந்த முயலுக்கு அளவெடுத்து உடுப்புப் பின்னியிருக்கிறார். உடம்பையே பாதியில் நிறம் மாற்றிப் பின்னி, அதைச் சட்டை என்று காட்டும் முறையும் உண்டு. அதிலும் நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். என் மனம் போவதென்னவோ கழற்றி மாட்டும் உடுப்பின் பக்கம்தான். பொம்மை முயலின் உடம்பு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே. அது எந்த ஊரின் முயல், எந்த மாதத்தின் முயல் என்பதை உடுப்புதான் சொல்கிறது.

வசந்தகால முயலைப் பற்றிப் பேசத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் நிறங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய தெரு இது. கிழக்குக்கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிப் போகிறது. தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்து புழங்கும் இந்தத் தெருவை, இங்கேயே கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவன் கதை கதையாக எழுதி வைத்திருக்கிறார். மீன மாதம் முடிந்து மேடம் பிறக்கும் நேரத்தில், அதாவது நம் சித்திரைப் பிறப்பும் மலையாளிகளின் விஷுவும் சேர்ந்து வரும் ஏப்ரல் நடுவில், தெரு முழுக்க மஞ்சள். கணி வெள்ளரி, மாம்பழம், பலா, கொன்றைக் கொத்து, வரிசையாக நிறுத்திய குழலூதும் கிருஷ்ணன் சிலைகள், பொன்கரை போட்ட கசவு வேட்டி. ஐரோப்பியப் புத்தகங்களில் வசந்தம் என்றால் இளம் ரோஜா நிறம், வெளிர் நீலம், பால்பச்சை. நம் வெயிலில் அந்த நிறங்கள் சோகை பிடித்துத் தெரியும். நம் வசந்தம் கண்ணைக் கூச வைப்பது. ஒரு முயலின் உடுப்பில் அந்தக் கூச்சம் இருக்கிறதா என்பதே நான் முதலில் தேடுவது.

உடுப்புப் போட்ட முயல் மேற்கிலிருந்து வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஈஸ்டருக்கு முயல் முட்டை கொண்டுவந்து தோட்டத்தில் ஒளித்து வைக்கும் என்ற ஜெர்மானிய நம்பிக்கையை ஜார்ஜ் ஃபிராங்க் என்ற மருத்துவர் 1682இலேயே குறித்திருக்கிறார். இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் ராபிட் கதையில் அந்த நம்பிக்கை இல்லை, நீலச் சட்டை இருக்கிறது. பித்தளைப் பித்தான் வைத்த சட்டை. தோட்டத்தில் புகுந்து ஓடும்போது பித்தான் வலையில் மாட்டிக்கொள்கிறது. முயல் சட்டையைக் கழற்றி விட்டுவிட்டு உயிர் தப்புகிறது. அந்தச் சட்டையைப் பிறகு காகம் விரட்டும் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிடுகிறார்கள். கதையே சட்டை கழல்வதில்தான் நகர்கிறது. மறு ஆண்டே, 1903 டிசம்பரில், பாட்டர் தாமே துணியில் ஒரு முயல் பொம்மை செய்து அதற்கு உரிமை பதிவு செய்தார். இன்று உலகெங்கும் பின்னப்படும் சட்டை போட்ட முயல்களில் பலவற்றுக்கு இதுதான் பாட்டி.

பொம்மைக்கு உடுத்திவிடும் ஆசை மட்டும் நமக்குப் புதிது கிடையாது. கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் நவராத்திரிக் கொலுவுக்கு மரப்பாச்சிகளை எடுக்கும் வீடுகளைப் பாருங்கள். ஆணும் பெண்ணுமாக வெறும் மரமாக வரும் ஜோடி. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக உடுத்திவிடுவது வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பு. எஞ்சிய பட்டுத் துண்டு, ஜரிகை ஓரம், சின்ன மணிமாலை என்று கிடைத்ததெல்லாம் அதில் ஏறும். ஒரே மரப்பாச்சி ஐம்பது ஆண்டில் ஐம்பது உடுப்புப் பார்த்திருக்கும். சாலைக் கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில், பத்மநாபசுவாமி கோவிலின் பங்குனி உற்சவத்தின்போது கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர்களின் பெரிய உருவங்களை நிறுத்தி, அவற்றின் முன் வேலகளி என்ற போர் நடனம் ஆடுவது மரபு. வசந்தம் வந்தால் உருவம் செய்து அலங்கரித்து நிறுத்தும் ஊருக்கு முயல் ஒன்றை உடுத்திவிட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊசி வேலைக்கும் இங்கே கனமான ஒரு வரலாறு உண்டு. பொம்மையைப் பற்றிப் பேசும்போது அதை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 1819இன் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைச் சாதிகளாக நடத்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அதே தென் திருவிதாங்கூரில், அதே காலத்தில், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டார்கள். 1829இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று அரசு சொன்னது. தோள்சீலைக் கலவரங்களுக்குப் பிறகு 1859இல்தான் நாடார் பெண்கள் எல்லாருக்கும் மேலாடை உரிமை அறிவிக்கப்பட்டது. அதுவும் நிபந்தனையோடு. பின்னர் 1897இல் முளகுமூட்டில் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் டெ மீஸ்டர் தொடங்கிய கன்னியர் சபையும் பெண்களுக்கு லேஸ், எம்பிராய்டரி வேலை கொடுத்தது. ஆகவே இந்தப் பகுதியில் ஒரு சின்னச் சட்டையின் விளிம்பில் லேஸ் வேலையைக் கண்டால், அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. அந்தக் கைத்திறன் எப்படிக் கைமாறி வந்தது என்பதும் சேர்ந்தே கண்ணில் படுகிறது.

இனி முயலைக் கையில் எடுங்கள்.

முதல் கேள்வி, இது நிட்டிங்கா, குரோஷாவா? நம் ஊரில் கையால் பின்னிய பொம்மைகளாக அதிகம் விற்பவை குரோஷா. ஒரே ஒரு கொக்கி ஊசியில் முடிச்சு முடிச்சாக வட்டத்தில் ஏறுவது. துணி தடித்து உறுதியாக இருக்கும். நிட்டிங் இரண்டு ஊசி வேலை. மேல்பக்கம் பார்த்தால் கண்ணிகள் பின்னிய சடை போலச் செங்குத்தாக இறங்கும். உள்பக்கம் சின்னச் சின்ன மேடுகள். குரோஷா முயல் நிமிர்ந்து உட்காரும், நிட்டிங் முயல் மடியில் குழையும். எது உயர்வு என்ற சண்டை வீண். ஆனால் உடுப்புக்கு நிட்டிங்கே பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். உடம்பின் வளைவில் அது விழுகிற அழகு குரோஷாவுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அடுத்து, உடம்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு இடையே உள்ளே அடைத்த பஞ்சு வெள்ளையாகத் தெரிந்தால் ஊசி பெரிது. ஸ்வெட்டருக்கு 4 மி.மீ. ஊசி கேட்கும் நூலைப் பொம்மைக்கு 3 மி.மீ. ஊசியில் பின்ன வேண்டும். விரல் வலிக்கும், வேலை நீளும். நல்ல பொம்மையின் முதல் அடையாளமே இந்தப் பொறுமைதான். பஞ்சையும் ஒரே கவளமாகத் திணித்திருந்தால் வயிறு கட்டி கட்டியாகத் தட்டுப்படும். பிய்த்துப் பிய்த்துச் சிறிது சிறிதாக வைத்திருந்தால் எங்கே அழுத்தினாலும் ஒரே மாதிரி உள்ளே போய் மீளும். கழுத்தில் மட்டும் சற்று இறுக்கமாக வைக்கத் தெரிந்தவரின் முயல் ஆண்டுகள் கழித்தும் தலை சாயாது.

மூக்கருகே குறையும் கண்ணிகளைப் பாருங்கள். முகம் கூர்ந்து வர இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக்கொண்டே வருவார்கள். ஒன்றாக்கும் விதத்தைப் பொறுத்து அது வலப்பக்கமோ இடப்பக்கமோ சாயும். மூக்கின் இருபுறமும் அந்தச் சாய்வுகள் எதிரெதிராக விழுந்து நடுவில் ஒரு கோடு தெளிந்தால், முகம் நேராக உங்களைப் பார்க்கும். எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் முகம் கோணும். கண்கள் முகத்தின் பாதிக்குக் கீழே, ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் குட்டி முயல். மேலே ஏறி நெருங்கியிருந்தால் வயதேறிய முயல். இரண்டும் சரியே, உடுப்போடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு என்றால் பித்தான் கண் வேண்டாம். நூலால் தைத்த கண்ணே வேண்டும்.

காது அரைப் பங்கு உயிர். ஒற்றைத் துண்டாக இருந்தால் சுருண்டுபோகும். வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் என்று இரண்டு துண்டு சேர்த்து, அடியைச் சற்று மடித்துத் தைத்திருந்தால்தான் குழிவு வரும், கேட்கிற காதாக இருக்கும். நம் காட்டு முயலைக் கவனித்தவர் பின்னினால் இன்னொன்றும் செய்வார். தென்னிந்தியக் காடுகளிலும் வயல் ஓரங்களிலும் ஓடுவது கரும்பிடரி முயல். பழுப்பு உடம்பு, பின்கழுத்தில் கறுப்புத் திட்டு, வாலின் மேல்பக்கமும் கறுப்பு. கடைகளில் பெரும்பாலும் வெள்ளை முயல்களே இருக்கும். பின்கழுத்தில் நாலு வரிசை கறுப்பு நூல் கண்ட இடத்தில், செய்தவர் கையைப் பிடித்துப் பாராட்டத் தோன்றும்.

இப்போது உடுப்பு. சித்திரை முயலுக்குப் பலராமபுரம் கைத்தறியின் நிறம் வேண்டும். நகரத்துக்குத் தெற்கே, நாகர்கோவில் சாலையில் இருக்கும் அந்த ஊருக்கு, தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர்களைத் திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வெளுக்காத பருத்தியின் சந்தன வெண்மை, ஓரத்தில் பொன் கசவு. இதைப் பின்னலில் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. சாதாரண நிட்டிங் துணியின் பக்க ஓரங்கள் பின்னோக்கியும், மேல் கீழ் விளிம்புகள் முன்னோக்கியும் சுருளும். முயலுக்குக் கட்டும் முண்டு, அதாவது வேட்டி, சுருண்டால் முண்டு ஆகாது. ஆகவே தெரிந்தவர்கள் இரு ஓரத்திலும் இரண்டு மூன்று கண்ணிகளை நிட் (மேல்பக்கக் கண்ணி), பர்ல் (உள்பக்க மேடு) என்று மாற்றி மாற்றிப் போட்டு ஓரத்தைப் படிய வைப்பார்கள். ஜரிகை நூலைத் தனியே பின்னினால் சொரசொரக்கும். வெண்ணூலோடு சேர்த்துப் பிடித்துப் பின்னினால் மினுக்கம் அடங்கிக் கசவு கசவாக நிற்கும். கரையை விரலால் தடவிப் பாருங்கள், எப்படிச் செய்தார்கள் என்று விரல் சொல்லிவிடும். சட்டை விளிம்பில் பல் பல்லாக இருந்தால் அது தனியே தைத்த லேஸ்தானா என்று திருப்பிப் பாருங்கள். ஒரு வரிசை முழுக்கத் துளை விட்டுப் பின்னி, அந்த வரிசையில் மடித்து உள்ளே தைத்தாலே அந்தப் பல் தானாக வரும். கடையில் கஜக் கணக்கில் லேஸ் கிடைக்கும் தெருவில் ஒருவர் இப்படி மெனக்கெட்டிருந்தால் அவர் சட்டையைச் சட்டையாக மதிக்கிறவர்.

கடைசியாகக் கொன்றை. காதோரம் செருகியதோ, கழுத்தில் தொங்குவதோ, கொத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். சரக்கொன்றை கிளையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். காம்பின் பக்கம் இருக்கும் பூக்களே முதலில் விரியும், நுனியில் பச்சை மொட்டுகள் காத்திருக்கும். ஆகவே மேலே விரிந்த ஐந்து இதழ், நடுவில் பாதி திறந்தவை, கீழே உருண்டை மொட்டு என்று இருந்தால், பின்னியவர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். மேலிருந்து கீழ் வரை ஒரே அளவுப் பூக்கள் என்றால் அவர் பார்த்தது விஷுவுக்கு விற்கிற பிளாஸ்டிக் கொத்து. மஞ்சளிலும் கவனம் வேண்டும். எலுமிச்சை மஞ்சளும் முட்டைக்கரு மஞ்சளும் கொன்றைக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில், வெயிலில் நனைந்தது போன்ற ஒரு மஞ்சள் இருக்கிறது. நூல் வாங்கும்போது கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உருண்டையைக் கேட்டு வாங்கித் தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, முடிந்தால் பூக்காரர் கூடைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்புக்கு அக்ரிலிக், உடுப்புக்குப் பருத்தி என்பது இந்த ஊருக்கு என் தேர்வு. அசல் ஆட்டுக் கம்பளியில் பூச்சி விழும். பருத்தியை உடம்புக்குப் போட்டால் நீட்சி இல்லாததால் வடிவம் விறைக்கும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் சீக்கிரம் உலரும். உடுப்பு கழன்று வருவதன் பெரிய பயனும் இங்கேதான். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை வருமுன் சட்டையையும் முண்டையும் தனியே கழற்றி, குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். ஜரிகைக் கரை மேல் இஸ்திரி போட வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். முயலை ஒரு முழு நாள் வெயிலில் வைத்து, பஞ்சு உள்ளே வரை காய்ந்துவிட்டதா என்று வயிற்றை அழுத்திப் பார்த்த பிறகே மறுபடி உடுத்துங்கள்.