‘ஒதெல்லோ’: பெயரும் இடமும்

சிந்தியோ 1565இல் வெளியிட்ட இத்தாலியக் கதையில் கணவனுக்கு இயற்பெயர் இல்லை. ‘மூர்’ என்னும் இனப்பெயரே உண்டு. அவனுக்கு ஒதெல்லோ எனப் பெயரிட்ட ஷேக்ஸ்பியர், முதற்காட்சியில் அப்பெயரை எவர் வாயிலும் வைக்கவில்லை. இயாகோவும் ராடரிகோவும் அவனை இனப்பெயராலும் இழிசொல்லாலுமே சுட்டுகின்றனர். மூன்றாம் காட்சியில், ஆட்சிமன்றத்தில் வெனிசுக் கோமகன் விளிக்கும்போதுதான் பெயர் முதன்முதலாக ஒலிக்கிறது. எனினும் அதே மன்றத்தில் தன் காதலை அறிவிக்கும் டெஸ்டிமோனாவும் ‘மூர்’ என்றே கூறுகிறாள். ஒரே சொல் ஒருவரிடம் வசையாகவும் மற்றொருவரிடம் அன்புமொழியாகவும் பொருள்படுகிறது. எல்லா இடத்தும் ‘கறுப்பன்’ எனப் பெயர்த்தால் இவ்வேறுபாடு அழிந்துவிடும்.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில், முன்பு தூயதாயிருந்த பெயர் இப்போது தன் முகம்போல் கறுத்துவிட்டது என்கிறான் ஒதெல்லோ. யாருடைய பெயர்? 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பகுதியே இல்லை. 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் ‘என் பெயர்’ என்றும், 1630ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘அவள் பெயர்’ என்றும் உள்ளது. படர்க்கையைக் கொண்டால் இது மனைவியின் ஒழுக்கத்தைப் பழிக்கும் கூற்றாகச் சுருங்கும். தன்மையைக் கொண்டால், பிறர் தன் நிறத்தின்மேல் ஏற்றிய இழிவைக் கணவனே ஏற்றுக்கொண்டமை புலப்படும். பொறாமையும் இனவெறுப்பும் ஒன்றாகும் இடம் அது. ஆதலின் தன்மைப் பாடமே நாடகப் போக்கிற்குப் பொருந்துவது. எப்பாடத்தைக் கொள்ளினும், மொழிபெயர்ப்பாளர் தாம் பின்பற்றிய பதிப்பைச் சுட்டுதல் இன்றியமையாதது.