ஊதாப் புல்லும் திரிசடைக் கப்பலும்

ஹெந்தளையில் எங்கள் தெருப் பெடியன்கள் ஒரே கொம்பியூட்டரைச் சுற்றி ஐந்து பேராக இருந்து விளையாடியது ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’. 1999இல் வந்தது, மறு வருடம் ‘த கொங்கரர்ஸ்’ என்ற தொடர்ச்சியும் வந்தது. அந்தச் சீடியை அலுமாரியிலிருந்து எடுத்து விண்டோஸ் 7 உள்ள பழைய லப்டொப்பில் போட்டேன். 2019 நவம்பரில் வெளியான டெஃபினிட்டிவ் எடிஷனை இன்னொரு விண்டோஸ் 10 லப்டொப்பில் ஏற்றினேன். இரண்டு வாரம் இரண்டையும் மாறி மாறி விளையாடிய பிறகு எழுதுகிறேன்.

விண்டோஸ் 7இல் பழைய பதிப்பைத் திறந்தால் பலருக்குப் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரியும். சீடி பழுது என்று எறிந்துவிடாதீர்கள். இந்த விளையாட்டு 256 நிறங்களை மட்டுமே வைத்துப் படம் வரைகிறது. பின்னால் ஓடும் டெஸ்க்டொப் அந்த நிறப் பட்டியலில் கைவைப்பதுதான் கோளாறு. டாஸ்க் மனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்குங்கள். முடிந்ததும் அதே இடத்தில் ‘நியூ டாஸ்க்’ கொடுத்து எக்ஸ்புளோரரைத் திரும்ப எழுப்புங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால் ரசிகர்கள் உருவாக்கிய யூசர்பட்ச் 1.5 இருக்கிறது. அதற்கு கொங்கரர்ஸ் கட்டாயம் வேண்டும். நிறமும் சரியாகும், அகலத் திரையில் படம் இழுபட்டுத் தெரிவதும் நிற்கும். சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட பழைய சீடிகளை விண்டோஸ் 10 ஏற்காது. அங்கே மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

திருத்தியாகிவிட்டது, இனி விளையாட்டு. நாங்கள் சிறுவயதில் தோற்றதெல்லாம் வாளால் அல்ல, சாப்பாட்டால். வேலையாளான ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 செக்கன். தொடக்கத்தில் கையில் இருப்பது 200 உணவு. அவர்களை உருவாக்கும் டவுன் சென்டர் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் இரண்டு பேருக்கு மேல் இழப்பு. எச் விசையால் டவுன் சென்டரைத் தேர்ந்தெடுத்து, பழைய பதிப்பில் சி விசையால் ஆள் எடுங்கள். முற்றுப்புள்ளி விசை வேலையில்லாமல் நிற்பவரைக் காட்டிக்கொடுக்கும். காட்டுப்பன்றியைத் தேடிப்போய் அந்த இடத்திலேயே கொல்லக் கூடாது. ஒருவர் அடித்துவிட்டு டவுன் சென்டர் வாசலுக்கு ஓடிவர வேண்டும். மற்றவர்கள் அங்கே முடிப்பார்கள். ஒரு பன்றி 340 உணவு. இதை ஒழுங்காகப் பழகினால் பாதி வெற்றி.

டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு ‘டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா’ என்ற இணைப்பு 2022 ஏப்ரல் 28இல் வந்தது. அப்போது இங்கே இலங்கையில் மணிக்கணக்கில் மின்வெட்டு. நான் அதைத் தொட்டது பிந்தித்தான். அதில் வரும் திராவிடர் பக்கத்தை எடுத்து முதல் வில்லேஜரைச் சொடுக்கியதும் அவர் தமிழில் பதில் சொன்னார். இருபது வருடம் வேற்று மொழிக் குரல்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது என்ன உணர்வு என்று இதை விளையாடிய தமிழருக்கு விளங்கும்.

இந்தத் திராவிடர் பக்கத்துக்கு நைட் குதிரைப்படை கிடையாது. தரை வரைபடத்தில் எதிரி குதிரையோடு வந்தால் ஈட்டிக்காரரை நம்பித்தான் நிற்க வேண்டும்; பரக்ஸ் ஆராய்ச்சிகள் பாதி விலை என்பது மட்டும் ஆறுதல். இவர்களுடைய பலம் தண்ணீர். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம். மீன்பிடிப் படகு கூடுதலாக 15 உணவு சுமக்கும். கப்பல்துறையான ஒவ்வொரு டொக்கும் ஐந்து பேருக்கு இடம் தருவதால் வீடு கட்டும் செலவு குறைகிறது. நான் செய்வது இது: 150 மரத்தில் முதல் டொக், பிறகு மரம் சேரச் சேர 75க்கு ஒரு படகு. ஃபியூடல் யுகம் ஏறியதும் வரும் மரத்தைப் போருக்குச் செலவழிக்காமல் இரண்டாவது டொக்கில் போடுகிறேன். பின்னால் திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல் அதே டொக்கிலிருந்து இறங்கும். அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவளின் பெயர் ஒரு கப்பலில்!

இந்த இணைப்பில் இராஜேந்திர சோழனின் கதையும் தொடர் போர்களாக உள்ளது. 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தவனும் 1025இல் ஸ்ரீவிஜயத்துக்குக் கடற்படை அனுப்பியவனும் அவன்தான். இலங்கையில் இருந்துகொண்டு அவன் பக்கம் விளையாடும்போது பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் சோழர் காலச் சிவாலயம் நினைவுக்கு வருகிறது. வென்றவன் கதையோடு தோற்றவன் கதையையும் படித்துவிட்டு விளையாடுங்கள் என்று என் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

புதிய பதிப்புக்கு டிஸ்கில் 30 ஜீபி ஒதுக்க வேண்டும். சாதாரண லப்டொப் என்றால் உயர்தர கிராஃபிக்ஸ் தொகுப்பை இறக்காதீர்கள்; அது இல்லாமலே படம் வடிவாக இருக்கிறது. மரங்களைச் சிறிதாக்கும் மொட் ஒன்றைப் போட்டால் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் எதிரியும் தெரியும்.

விண்டோஸ் 7 இயந்திரமும் பழைய சீடியும் கையில் இருந்தால் காசு செலவழிக்காமல் அதிலேயே பழகுங்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் டெஃபினிட்டிவ் எடிஷனையும் இந்திய இணைப்பையும் தயங்காமல் வாங்கலாம். மெனுவுக்கு ஹிந்தி, மலாய் இரண்டும் இருக்கின்றன. படைவீரர் தமிழில் பேசும் விளையாட்டில் தமிழ் எழுத்து இல்லை. அதையும் சேர்க்கும்படி தயாரிப்பாளர்களிடம் கேட்போம், நீங்களும் கேளுங்கள்.