தடயமும் தெளிவும்
கணிப்பொறித் துப்பறியும் விளையாட்டுகள் பலவற்றில் ஒரு விதி உண்டு. அறையிலுள்ள தடயங்கள் அனைத்தையும் திரட்டினாலன்றிக் கதை மேற்செல்லாது. குற்றவாளியை முன்பே உணர்ந்தவரும் எஞ்சிய பொருளைத் தேடி அலைய வேண்டும். ஏதும் உணராதவரோ எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் கடந்துவிடலாம். இதனை நாம் குறையென்றே கொள்கிறோம்.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், சட்டை பின்புறம் கிழிந்திருந்த ஒரே தடயம் உண்மையைத் துலக்கிற்று. தடயங்களின் தொகை சான்றாகாது. அவற்றினின்று பெறும் தெளிவே சான்று. நம் ‘நூறு மசலா’விலும் கதைக்குத் தடையுண்டு. இளவரசியின் நூறு வினாக்களுக்கும் விடையிறுத்த பின்னரே அப்பாஸ் அவளை மணக்க இயலும். ஆயினும் அத்தடை அறிவைச் சோதிப்பது.

லூக்காஸ் போப் 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ இந்நெறியை ஒட்டியது. கப்பலிலிருந்த 60 பேருக்கும் நேர்ந்ததை ஆடுபவரே ஆய்ந்து எழுத வேண்டும். மூவரைப் பற்றிய முடிவு பிழையற்றிருந்தாலே விளையாட்டு அதனை ஏற்கும். ஆதலின் வெறும் ஊகம் எளிதில் பலிக்காது.

மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற பள்ளிகள் மலிந்த நாமக்கல் வட்டாரத்தில், பாடத்தைத் திரட்டுதலே கல்வியென எண்ணும் பெற்றோர் உளர். அவர்கட்கு இவ்வேறுபாடு வெறும் விளையாட்டன்று. பிள்ளையிடம் எத்தனை படித்தாய் என்பதற்கு முன், என்ன விளங்கிற்று என வினவுவோமாக.