ஐந்து ஆட்டங்களில் தீர்ந்த பொறுமை

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியக் கால்பந்து அணி 0-1 என்று தோற்றது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு எதிராக வங்கதேசத்துக்குக் கிடைத்த வெற்றி அது. ஆட்டத்தின் முடிவால் ஆகப்போவது ஒன்றுமில்லை; 2027 ஆசியக் கோப்பைக்கான கதவை ஒரு மாதம் முன்பே கோவாவின் ஃபதோர்டா திடலில் சிங்கப்பூர் சாத்திவிட்டது. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்த அணி, டாக்காவுக்குப் பின் 142-இல் போய் நின்றது. தோல்வியின் சூடு ஆறுவதற்குள் அந்தப் பழைய வாக்கியமும் வந்து சேர்ந்தது: சேத்ரிக்குப் பிறகு ஆளில்லை.

வெறும் புலம்பல் என்றால் கேட்டுவிட்டுப் போகலாம். இது ஒரு வக்காலத்து. ஓய்வு பெற்று ஒன்பது மாதமாகியிருந்த சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் அன்றைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் திரும்ப அழைத்தார். அவருக்குப் பின் வந்த காலித் ஜமீல் அதே வேலையை அக்டோபரில் இன்னொரு முறை செய்தார். இரண்டுக்கும் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான். வேறு யார் இருக்கிறார்கள், என்ன செய்வது?

அதில் உண்மை இருக்கிறது. 2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் 40 வயதுச் சேத்ரி 14 கோல் அடித்தார்; அத்தனை கோல் அடித்த இந்தியர் வேறு எவரும் இல்லை. 2014 முதல் அதுவரை நடந்த பதினொரு பருவங்களில், அதிகக் கோலுக்கான தங்கக் காலணி ஒரு முறைகூட இந்தியக் காலுக்குப் பொருந்தவில்லை. சென்னை நேரு விளையாட்டரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2014-இல் பிரேசிலின் எலானோ, 2015-இல் கொலம்பியாவின் மெண்டோசா, 2019-20-இல் லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் என்று சென்னையின் அணிக்காக அந்தப் பரிசை வாங்கிய மூவரும் வெளிநாட்டவரே. திடலில் இறங்கும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2021-இல் ஐந்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டபோதும், ஸ்ட்ரைக்கர் இடத்தை இந்தியருக்கு விட்டுக்கொடுக்கக் கிளப்புகளுக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, மார்க்கெஸ் எஃப்.சி. கோவா அணியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். தேசிய அணி அவருக்குக் கிட்டத்தட்ட இரண்டாவது வேலை. எல்லாம் சரி.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது.

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் குவைத்துடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்தோடு சேத்ரி விடைபெற்றார். அந்த ஆண்டு அதுவரை அவர் ஆடியவை ஆறு ஆட்டங்கள். ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா, பிறகு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆப்கானிஸ்தானுடன் இரண்டு, கடைசியாகக் குவைத். ஆறிலும் சேர்த்து இந்தியா அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் சேத்ரி அடித்த பெனால்டி. ஓடி வரும் ஆட்டத்தில் கோலே இல்லை.

அவர் போன பிறகு, திரும்பி வரும்வரை, ஐந்து ஆட்டங்கள். தோஹாவில் கத்தாரிடம் 1-2 (கத்தாரின் முதல் கோலுக்கு முன் பந்து கோட்டைத் தாண்டிப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை), மொரிஷியஸுடன் 0-0, சிரியாவிடம் 0-3, வியட்நாமுடன் 1-1, மலேசியாவுடன் 1-1. வெற்றி ஒன்றுகூட இல்லை. கோல் மூன்று. அடித்தவர்கள் லாலியன்ஸுவாலா சாங்தே, ஃபாரூக் சௌத்ரி, ராகுல் பேக்கே. இதில் பேக்கே தற்காப்பு ஆட்டக்காரர். மார்தட்டிக்கொள்ள எதுவுமில்லைதான். ஆனாலும் ஆறு ஆட்டத்தில் ஒன்றைவிட ஐந்து ஆட்டத்தில் மூன்று அதிகம் என்பதற்குக் கால்பந்து அறிவு தேவையில்லை.

2005-இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தொடங்கி, பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மனிதரை நம்பிப் பழகிய அணி இது. அவர் இல்லாமல் ஆடப் பழகிக்கொள்ள அதற்குக் கிடைத்த அவகாசம் ஐந்தே ஆட்டம். தையல் பழகுகிறவனுக்குக்கூட அதைவிடக் கூடுதல் துணி கொடுப்பார்கள்.

திரும்பி வந்த சேத்ரி ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டித் தன் 95-ஆவது சர்வதேசக் கோலை அடித்தார். இந்தியா 3-0 என்று வென்றது. 16 மாதங்களில் முதல் வெற்றி. அன்றைய கொண்டாட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி, மாலத்தீவை வெல்ல அவர் தேவையா என்பது. பதில் ஆறே நாளில் அதே திடலில் கிடைத்தது. வங்கதேசத்துடன் 0-0. மார்க்கெஸே ஆட்டம் முடிந்ததும் வெளிப்படையாகக் கொதித்தார்.

குறை கோல் எண்ணிக்கையோடு நிற்பதில்லை, ஆட்டத்தின் அமைப்புக்குள் இருக்கிறது. இந்திய அணியின் கூர்மை இரண்டு ஓரங்களில். இடது கால் பழக்கமுள்ள சாங்தே வலப்பக்கம் ஆடுகிறார்; வலது கால் பழக்கமுள்ள லிஸ்டன் கொலாசோ இடப்பக்கம். ஓரத்தில் பந்தை வாங்கி உள்ளே வெட்டி வந்து கோலை நோக்கி அடிப்பதுதான் இருவருக்கும் கைவந்த கலை. இப்படிப்பட்ட இரண்டு விங்கர்களை வைத்திருக்கும் அணிக்கு நடுவில் தேவைப்படுகிறவர், எதிரணியின் தற்காப்பாளர்களைப் பின்னோக்கி ஓட வைக்கிறவர். பந்து வருகிறதோ இல்லையோ, அவர் ஓட வேண்டும். இருபது முறை வீணாக ஓடினால் ஒரு முறை சாங்தேவுக்கு அடிக்க இடம் பிறக்கும். அந்த இருபது ஓட்டங்களும் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது, கைதட்டலும் வாங்காது.

40 வயதில் சேத்ரியின் பலம் அதுவல்ல. கீழே இறங்கிப் பந்தை வாங்குவார். கிராஸ் வரும் நொடியைக் கணித்துச் சரியான இடத்தில் போய் நிற்பார். இந்த இரண்டாவது வித்தையில் இந்தியாவில் அவருக்கு இன்றும் ஈடில்லை. ஆனால் அவர் கீழே இறங்க, விங்கர்கள் இருவரும் உள்ளே வர, மூவரும் ஒரே சந்தில் முட்டிக்கொள்கிறார்கள். எதிரணித் தற்காப்பாளர்கள் இருந்த இடத்தில் நின்றபடி வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு மிஞ்சும் ஒரே வழி, ஓரத்திலிருந்து தூக்கிப் போடுவது. கிராஸ் போட்டுக்கொண்டே இருக்கும் அணிக்குச் சேத்ரி நிச்சயம் தேவைதான். அவர் இருப்பதால்தான் கிராஸ் போட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாங்காங்குடனான ஆட்டம் இந்தக் குழப்பத்தின் உச்சம். ஆளில்லை என்று யாருக்காக ஊரைக் கூட்டினார்களோ, அவரையே 2025 ஜூன் 10 அன்று பெஞ்சில் உட்கார வைத்து மார்க்கெஸ் ஆட்டத்தைத் தொடங்கினார். முதல் பாதியில் கிடைத்த நல்ல வாய்ப்பை ஆஷிக் குருணியன் வெளியே அடித்தார். கடைசியில், கூடுதல் நிமிடங்களில், கோல்கீப்பர் விஷால் கெய்த்தின் தவறால் ஒரு பெனால்டி, 0-1. ஆஷிக் தவறவிட்ட அந்த வாய்ப்பைத்தான் 'ஆளில்லை' கட்சியார் இன்றுவரை சாட்சிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாமா? 2019 ஆசியக் கோப்பையில் அன்றைய பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இதே ஆஷிக்கைத்தான் சேத்ரிக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நிறுத்தினார். தாய்லாந்தை இந்தியா 4-1 என்று நொறுக்கியது அந்த அமைப்பில்தான். அதன் பிறகு ஆஷிக் ஓரத்துக்குப் போனார், கிளப்பில் இடது தற்காப்புக்கும் போனார். ஆறு ஆண்டுகள் கத்தியைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, கழுத்துக்கு வந்த நாளில் எடுத்து வெட்டவில்லையே என்றால் எப்படி? அதே தாய்லாந்து ஆட்டத்தில் நான்காவது கோலை அடித்தவர் ஜேஜே லால்பெக்லுவா. சென்னையின் அணியின் இரண்டு பட்டங்களிலும் பங்குள்ள அசல் ஸ்ட்ரைக்கர். நாட்டுக்காக 23 கோல் அடித்தவர். சேத்ரி இருக்கும்போதே இன்னொருவருக்குத் தொடர்ந்து இடம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவரே சான்று. காயம் அவரை ஒதுக்கியது. அவருக்குப் பின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் ஐந்து ஆண்டுகளில் அந்த இடத்துக்கு இன்னொருவரை உட்கார வைக்கும் பொறுமை தெரியவில்லை. கிளப்பில் வலப்பக்க விங்கராக ஆடும் மன்வீர் சிங்கை நடுவில் நிறுத்திப் பார்ப்பதும் மறுபடி ஓரத்துக்குத் தள்ளுவதுமாகவே காலம் போனது.

கிளப்பில் நடுவில் ஆடாதவரைத் தேசிய அணியில் நடுவில் ஆட வைக்க முடியாது என்பது அடுத்த வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2017-18-இல் பெங்களூரு எஃப்.சி.யின் நடு முனையில் ஆடியவர் வெனிசுவேலாவின் மிக்கு. இடது ஓரத்தில் ஆடியவர்? சுனில் சேத்ரி. அங்கிருந்தே அந்தப் பருவத்தில் 14 கோல் அடித்தார். நாட்டுக்கு வரும்போது நடுவில் நின்றார். கிளப்பில் விங்கர், நாட்டுக்கு ஸ்ட்ரைக்கர் என்ற முடியாத காரியத்தைச் செய்து காட்டியவரே அவர்தான். அவருக்கு மட்டும் எப்படி முடிந்தது? திறமை ஒரு பாதி. கோல் அடிக்காத நாளிலும் அடுத்த ஆட்டத்தில் தன் பெயர் பட்டியலில் இருக்கும் என்ற நிச்சயம் மறுபாதி. அந்த மறுபாதி வேறு எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

அவருக்கேகூட அது திட்டமிட்டுக் கிடைத்ததல்ல. 2011 ஜனவரியில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணி, காயத்தோடு இருந்த கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவையும் தோஹாவுக்கு அழைத்துப் போனது. அன்றும் அதே வாக்கியம்தான்: பூட்டியாவுக்குப் பிறகு யார்? கடைசி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராகச் சில நிமிடங்கள் மட்டுமே அவரால் இறங்க முடிந்தது. காலியான இடத்தில் நின்ற 26 வயதுச் சேத்ரி பஹ்ரைனுக்கு எதிராக ஒன்று, தென் கொரியாவுக்கு எதிராக ஒன்று என்று இரண்டு கோல் அடித்தார். இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 13 கோல் வாங்கியது. யாரும் அவரைத் தூக்கி எறியவில்லை. பூட்டியாவின் கெண்டைக்காலுக்கு இந்தியக் கால்பந்து இந்த விஷயத்தில் கடன்பட்டிருக்கிறது.

காலித் ஜமீலின் கதைதான் இன்னும் வருத்தம். 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்றதும் மத்திய ஆசிய நாடுகளுக்கான காஃபா கோப்பைக்குச் சேத்ரி இல்லாத அணியை அழைத்துப் போனார். போட்டியை நடத்திய தஜிகிஸ்தானை 2-1 என்று வென்று, ஈரானிடம் 0-3 என்று தோற்று, ஆப்கானிஸ்தானுடன் 0-0 ஆடி, ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடத்தோடு திரும்பினார்கள். தஜிகிஸ்தானுக்கு எதிரான இரண்டு கோலும் தற்காப்பாளர்களான அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன் அடித்தவை என்பதால் ஸ்ட்ரைக்கர் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அணி ஓடியது, நெருக்கியது, ஒருவரைத் தேடாமல் ஆடியது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய இடத்தில், ஒரே மாதத்தில், சிங்கப்பூருக்கு எதிரான அணியில் மறுபடி சேத்ரியின் பெயர்.

சிங்கப்பூரில் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு ஆடிய இந்தியாவுக்கு 90-ஆவது நிமிடத்தில் சமன் கோல் கிடைத்தது. எதிரணி பின்னால் தட்டிய பந்தை விடாமல் துரத்திப் பிடித்து அடித்தவர் ரஹீம் அலி. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணியில் இருந்தவர். பல ஆண்டுகள் சென்னையின் சட்டையில், வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். மேலே சொன்ன அந்த வீண் ஓட்டத்தில் ஒன்று அன்றைக்கு வீணாகவில்லை. ஃபதோர்டாவில் சாங்தே தூரத்திலிருந்து அடித்த அருமையான கோலால் முந்திய இந்தியா, சோங் உய்-யோங் அடித்த இரண்டு கோலில் கவிழ்ந்தது. ஆக, சேத்ரி அணிக்குத் திரும்பிய பிறகு, டாக்காவுக்கு முன் நடந்த நான்கு தகுதிச் சுற்று ஆட்டங்களில் இந்தியாவின் கோல் இரண்டு. இரண்டில் ஒன்றும் அவருடையதல்ல.

சேத்ரி மீது குற்றம் சொல்லக் கூடாது என்பார்கள். நாடு கூப்பிட்டது, வந்தார். இருக்கட்டும். ஆனால் இந்த அணியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. மார்ச்சில் தொலைபேசி ஒலித்தபோது "வேண்டாம், அந்தப் பையன்களை இன்னும் பத்து ஆட்டம் ஆட விடுங்கள்" என்று சொல்லும் உரிமை இந்தியாவில் ஒருவருக்குத்தான் இருந்தது. சொல்லியிருந்தால், 95-ஆவது கோலைவிட அது அணிக்குப் பயன்பட்டிருக்கும். 2018-இல் மும்பையில் ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்துவிட்டு, வந்து பாருங்கள் என்று ரசிகர்களிடம் கையேந்தி அரங்கை நிரப்பியவர் அவர். அன்றிலிருந்து அணிக்கு முகம் வேண்டும் என்றால் அவர் முகம்தான். அணித் தேர்வும் அந்த முகத்தைச் சுற்றியே நடந்தது என்பது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

டாக்காவில் 11-ஆவது நிமிடத்தில் அந்த ஒரே கோலை அடித்தவர் ஷேக் மோர்சலின். அன்று அவருக்கு இன்னும் 20 வயது நிரம்பவில்லை. 2023 ஜூனில் தெற்காசியக் கோப்பைக்காகப் பெங்களூர் கண்டீரவா திடலுக்கு வந்தபோது அவருக்கு 17. மாலத்தீவுக்கு எதிராக ஒன்று, பூட்டானுக்கு எதிராக ஒன்று அடித்தார். அதே போட்டியில், தன் சொந்தக் கிளப்பின் திடலில், ஐந்து கோல் அடித்து முதலிடம் பிடித்தவர் 38 வயதுச் சேத்ரி.