சர்க்கரை ஆய்வும் துலாக்கோலும்

கதை, கவிதை ஆகியவற்றைத் திறனாய்வோர், எழுதியவர் யார், எவர் பொருட்டு எழுதினார், எதனைக் கூறாது விடுத்தார் என வினவுவது வழக்கம். அறிவியல் கட்டுரையிடம் அவ்வினாக்களை எழுப்ப நாம் கூசுகிறோம். புள்ளிவிவரங்களைக் கண்டவுடன் கைகட்டி நின்றுவிடுகிறோம். அவ்வாறு நிற்கத் தேவையில்லை என்பதை 1967-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் இரு பகுதிகளாக வெளியிட்ட ஒரு கட்டுரை நன்கு புலப்படுத்துகிறது.

உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளை எடைபோடுவதே அதன் நோக்கம். எழுதியோர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மெகாண்டி, ஹெக்ஸ்டெட், ஸ்டேர் என்னும் மூவர். அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் கொழுப்பையும், இலண்டனின் ஜான் யுட்கின் சர்க்கரையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்த காலம் அது. மூவரின் தீர்ப்பு தெளிவானது: கொலஸ்ட்ராலைக் குறைப்பதும், கொழுப்பின் வகையை மாற்றுவதுமே இதய நோயைத் தடுக்க உணவில் செய்யத்தக்கவை. சர்க்கரை ஏறத்தாழ விடுதலை பெற்றது.

விடுதலைக்குப் பின்னிருந்த செய்தி 2016-இல்தான் வெளிப்பட்டது. பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்களில் கிடந்த கடிதங்களைத் துருவி ஆராய்ந்த கிறிஸ்டின் கேர்ன்ஸ் என்னும் பல் மருத்துவரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அதனை வெளியிட்டனர். 1965 ஜூலையில் நியூயார்க் நாளேடு ஒன்று சர்க்கரையை இதய நோயோடு தொடர்புபடுத்தி முழுப் பக்கச் செய்தி வெளியிட்டது. இரண்டே நாள்களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆய்வு நிறுவனம் இக்கட்டுரைத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. தொகை 6,500 டாலர். 2016-ஆம் ஆண்டு மதிப்பில் ஏறத்தாழ 50,000 டாலர். நோக்கத்தை நிறுவனமே வகுத்தது; சேர்க்க வேண்டிய ஆய்வுகளை அனுப்பியது; அச்சேறும் முன்னரே வரைவுகளைப் பெற்றது. ஆசிரியர்கள் தங்கள் பிற ஆய்வுகளுக்குப் பொருளுதவிய பலரைக் குறிப்பிட்டனர். இக்கட்டுரைக்குப் பணம் கொடுத்தவரை மட்டும் குறிப்பிடவில்லை. அவ்விதழ் அத்தகைய அறிவிப்பைக் கட்டாயமாக்கியது 1984-இல்தான்.

இனிக் கட்டுரையின் உள்ளே புகுவோம். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். இங்குத் துலாக்கோல் கோணவில்லை, படிக்கற்களே இருவகை. சர்க்கரையைக் குறைகூறிய ஆய்வுகள் ஒவ்வொன்றிலும் ஓட்டை தேடப்பட்டது. கொழுப்பைக் குறைகூறிய ஆய்வுகளிலும் அத்தகைய ஓட்டைகள் இருந்தன, அவை பொறுத்துக்கொள்ளப்பட்டன. கட்டுரையில் பொய்யான எண் எதனையும் எவரும் காட்டவில்லை என்பது கருதத்தக்கது. பொய் இன்றியே தீர்ப்பைச் சாய்க்க இயலும்.

எனினும், மூவரும் உண்மையை விலைபேசி விற்றனர் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். தொழில் நிறுவனங்களிடம் பொருள் பெறுவது அக்காலத்தில் இயல்பான நடைமுறை எனவும், கொழுப்புப் பற்றிய கருத்து ஹெக்ஸ்டெட்டுக்கு ஏற்கெனவே இருந்தது எனவும் 2018-இல் வரலாற்றாய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். அவர்கள் கூற்று ஏற்கத்தக்கதே. ஆயின் அதனாலேயே குற்றம் மறைந்துவிடுவதில்லை. சர்க்கரை நிறுவனம் எவருடைய கருத்தையும் மாற்ற முயன்றிருக்க வேண்டியதில்லை. தனக்கு உகந்த கருத்துடைய அறிஞரைத் தேடி, அவர் கையில் பேனாவைக் கொடுத்தாலே போதும். கையூட்டைவிட இது நயமான முறை. ஆதலின் கண்டுபிடிப்பதும் அரிது.

ஒரு கட்டுரையைக் கொண்டு உலகை அளக்கலாமா என்று கேட்போர் உண்டு. இனிப்புப் பானங்களுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரைகளின் முடிவுகளை ஆய்வாளர் சிலர் 2013-இல் ஒப்பிட்டனர். உணவுத் தொழிலோடு தொடர்பற்றவர்களின் 12 முடிவுகளுள் 10 தொடர்பு உண்டு என்றன. தொழிலோடு தொடர்புடையவர்களின் 6 முடிவுகளுள் 5, போதிய சான்று இல்லை என்றன.

பெயரை மறைக்காது வெளியிட்டுவிட்டால் தீர்ந்ததா? மலேசிய எடுத்துக்காட்டு ஒன்று ஐயத்தை எழுப்புகிறது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மைலோ வண்டி வந்து நிற்பதைக் காணாத மலேசியர் அரியர். அந்த மைலோவைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனத்தின் பொருளுதவியையும் கொண்டு, மலேசியச் சிறுவர்களின் காலை உணவு ஆராயப்பட்டது. காலையில் மால்ட் பானம் அருந்துவோர் உடலியக்கம் மிகுந்தவராகவும், தொலைக்காட்சி முன் குறைவாக அமர்பவராகவும் இருக்கக் காணப்பட்டனர். 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதனை விரிவாக எழுதியது. இங்கு நிதி அளித்தவர் பெயர் மறைக்கப்படவில்லை. ஆயினும், பானத்தால் சுறுசுறுப்பா, சுறுசுறுப்பான பிள்ளைகளுக்கு அப்பானம் கொடுக்கப்படுகிறதா என்பதை இத்தகைய ஆய்வு அறுதியிட்டுக் கூற இயலாது. விடை அல்ல, வினாவே நிறுவனத்தின் திசையை நோக்கி அமைந்துவிடுகிறது.

அச்சில் வந்தவற்றையேனும் திறனாய்வு செய்யலாம். அச்சேறாதவற்றை என் செய்வது? அதே சர்க்கரை நிறுவனத்தின் வழிவந்த அமைப்பு 1968-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தச் செய்தது. சர்க்கரை உண்ட எலிகளின் சிறுநீரில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புடையதாக அந்நாளில் கருதப்பட்ட நொதி மிகுதியாக இருப்பதற்கான அறிகுறி தோன்றியது. ஆய்வை முடிக்க மேலும் 12 வாரங்கள் வேண்டப்பட்டன. 1970-இல் பணம் நிறுத்தப்பட்டது. அந்த எலிகளின் செய்தியை உலகம் அறிந்தது 2017-இல்.