பிடிஎஸ் ரசிகைகளும் பெற்றோரின் ஐயமும்

சியோலில் 2013 ஜூன் 13 அன்று அறிமுகமான பிடிஎஸ் பாடகர் குழுவில் ஏழு இளைஞர்கள். அவர்களுடைய ரசிகர்களுக்கு 'ஆர்மி' என்று பெயர். தமிழ்நாட்டில் இந்த ஆர்மியில் கண்ணில் படுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவிகள். இங்கே ரசிகர் மன்றம் தலைமுறை தலைமுறையாக ஆண்களின் இடமாகவே இருந்துவந்தது. கட்-அவுட், பாலாபிஷேகம், அதிகாலைக் காட்சி எல்லாமே தெருவில் நடப்பவை. இந்த ரசிகைகளின் மன்றம் வீட்டுக்குள், கைபேசியில் நடக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் பெற்றோருக்கு அதில் தெரிவது எந்நேரமும் குனிந்திருக்கும் ஒரு தலைதான்.

இது பிள்ளையைக் கெடுக்குமோ என்ற அவர்களுடைய ஐயத்துக்கு ஆதாரம் நிறையவே உண்டு. முதலில் பணம். கே-பாப் எனப்படும் கொரியப் பாப் இசையின் ஆல்பம் ஒன்றை வாங்கினால் பாட்டுத்தட்டோடு கெட்டி அட்டைப் பெட்டி, வண்ணப்படப் புத்தகம், உள்ளங்கையளவில் ஒரு புகைப்பட அட்டை எல்லாம் வரும். அந்த அட்டையில் இருப்பது குழுவினரில் யார் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். பிடித்தவர் வராவிட்டால் இன்னொன்று வாங்கத் தோன்றும். தோன்ற வேண்டும் என்றேதான் அதை உள்ளே மறைத்து வைக்கிறார்கள். ஒரே ஆல்பம் வெவ்வேறு அட்டைப்படங்களோடு வெளியாகும். கொரியாவில் பாடகரை நேரில் கண்டு கையெழுத்து வாங்கும் நிகழ்ச்சிகளுக்குக் குலுக்கல் நடக்கும். வாங்கும் ஒவ்வொரு பிரதியும் ஒரு சீட்டு. பாட்டுத்தட்டைப் போட்டுக் கேட்கக் கருவியே இல்லாத வீடுகளிலும் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. சின்னப் பிள்ளைகளிடம் சீட்டுக் குலுக்கும் வியாபாரம் இது. வேறு நல்ல பெயர் இதற்குக் கிடையாது.

அடுத்தது நேரம். பிடிஎஸ் பாடல்கள் பல கொரிய நேரப்படி வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வெளியாகின. அமெரிக்கத் தரவரிசைக் கணக்கின் வாரம் அப்போதுதான் தொடங்குகிறது. இந்தியாவில் அது காலை 9.30, முதல் வகுப்பு நடக்கும் வேளை. பாடலை எத்தனை முறை, எப்படிக் கேட்டால் எண்ணிக்கையில் சேரும் என்று ரசிகர்களே விதிமுறை எழுதிச் சுற்றுக்கு விடுகிறார்கள். கேட்பது வேலையாகிவிடுகிறது; கூலி கிடையாது, லாபம் நிறுவனத்துக்கு. பிடிஎஸ்ஸின் நிறுவனம் 2020 அக்டோபரில் கொரியப் பங்குச்சந்தைக்கு வந்தபோது முதலீட்டாளர்கள் விலை கொடுத்தது பாடல்களுக்கு மட்டுமல்ல, இந்த விசுவாசத்துக்கும் சேர்த்துத்தான்.

மேடையின் மறுபக்கமும் பெற்றோர் அறிய வேண்டியது. பதின்ம வயதிலேயே பயிற்சிக்கு எடுத்து, உணவையும் எடையையும்கூடக் கண்காணித்து வளர்க்கும் முறை கொரிய இசைத் தொழிலில் ஊறிப்போனது. ஒப்பந்தங்கள் 13 ஆண்டுகள்வரை நீண்ட காலமும் இருந்தது. அந்நாட்டு நியாய வணிக ஆணையம் 2009இல் ஏழாண்டு வரம்புள்ள மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. இணைய வசைகளை ஆண்டுக்கணக்கில் எதிர்கொண்ட பாடகி சுல்லி 2019 அக்டோபரில் இறந்தார். அடுத்த மாதமே அவருடைய தோழி கூ ஹாராவும் இறந்தார். வசைபாடியவர்களில் ரசிகர்களும் இருந்தார்கள் என்பதை எந்த ஆர்மியும் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டுப் பெற்றோரை உலுக்கிய செய்தி 2024 ஜனவரியில் வந்தது. கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவிகள் மூவர் பிடிஎஸ்ஸைப் பார்க்கக் கொரியா போவதென்று சேமித்த பணத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பல் ஏறுவது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். கே-பாப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். அச்சம் நியாயமானது, வழியில் அவர்களுக்கு எதுவும் நேர்ந்திருக்கலாம். ஆனால் அதே செய்தியில் இன்னொன்றும் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் காசு சேர்த்திருக்கிறார்கள், துறைமுகத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள், வழியை வகுத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் என்ன செய்வாய் என்ற கேள்விதான் அந்தத் திட்டத்தில் விடுபட்டது. பெரியவர் ஒருவர் அரை நிமிடத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. கேலிக்கு அஞ்சி ஆசையை மறைக்கும் பிள்ளையிடம் அதைக் கேட்க ஆள் இருக்காது.

இந்தச் சுறுசுறுப்பு ஒழுங்கான வழியில் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு ரசிகர்கள் எழுதும் வசனவரி (சப்டைட்டில்) நல்ல சான்று. பாடகர்கள் நேரலையில் பேசுவது கொரிய மொழியில். பேச்சு முடிந்த சில மணி நேரத்தில் அது பல மொழிகளில் எழுத்தாக ரசிகர்களுக்குக் கிடைத்துவிடும். ஒருவர் பேச்சைக் கேட்டு எழுதுவார், மற்றொருவர் மொழிபெயர்ப்பார், மூன்றாமவர் ஒவ்வொரு வரியும் எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று பொருத்துவார், இன்னொருவர் பிழை பார்ப்பார். அண்ணன் முறை வைத்துச் சொன்னாரா, பெயர் சொல்லி அழைத்தாரா என்பதில் தகராறே நடக்கும். ஒரு பதிப்பகத்தில் நடக்க வேண்டிய விவாதத்தைச் சம்பளமில்லாத இளைஞர்கள் நள்ளிரவில் நடத்துகிறார்கள். கொரியம் கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலமும் உண்டு: தமிழைப் போலவே அங்கும் வினை கடைசியில் வரும், உருபுகள் சொல்லின் வாலில் ஒட்டும். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்குக்கூட இந்த வாக்கிய அமைப்பு அந்நியமாகத் தெரியாது. ஹூண்டாய், சாம்சங் ஆலைகள் இயங்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரியம் தெரிந்தவருக்கு வேலையும் கிடைக்கும். சென்னையில் இன்கோ மையம் போன்ற இடங்களில் முறையான வகுப்புகள் நடக்கின்றன.

கூட்டாகக் காரியம் ஆற்றும் பழக்கத்துக்கும் சான்றுகள் உண்டு. 2020 ஜூனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பிடிஎஸ்ஸும் நிறுவனமும் 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் இரண்டு நாட்களுக்குள் தங்களுக்குள் திரட்டி அதே அளவு தொகையைச் சேர்த்தார்கள். கொரியாவில் கச்சேரிக்கு மலர் வளையம் அனுப்புவதற்குப் பதில் அரிசி மூட்டைகளை அனுப்பி ஏழைகளுக்குச் சேர்ப்பிக்கும் வழக்கத்தை வளர்த்ததும் ரசிகர் மன்றங்களே.

இவற்றைவிட மதிக்கத்தக்கது 2021இல் இந்தோனேசிய, கொரிய ரசிகைகள் தொடங்கிய 'கே-பாப் ஃபார் பிளானட்'. ஆல்பக் குப்பைக்கு எதிராக இசை நிறுவனங்களையே கேள்வி கேட்கும் இயக்கம் அது. வேண்டாத பெட்டிகளைச் சேகரித்து நிறுவனங்களின் வாசலுக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். நட்சத்திரத்தை நேசித்துக்கொண்டே அவரை விற்கும் நிறுவனத்தை எதிர்க்கலாம் என்று காட்டியது அந்தச் செயல். நம்மூர் மன்றங்களில் இது அரிதாகவே நடந்திருக்கிறது.

ஆனால் இந்த நன்மை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. வசனவரி எழுதுகிறவர்கள் சிலர், அதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் மிகப் பலர். நிதி திரட்டக் கணக்கு வைப்பவர் ஒருவருக்கு, அட்டைக்காக அம்மாவிடம் அடம்பிடிப்பவர்கள் பலர். நடுநிசிக் குழுவேலை கற்றுத்தரும் அதே ஒருங்கிணைப்பு, வேறொரு குழுவின் பாடகியைக் கூட்டமாகச் சேர்ந்து வசைபாடவும் உதவுகிறது. ஆகவே மகளுக்கு யாரைப் பிடிக்கும் என்பதிலிருந்து பெற்றோருக்குத் தெரியவருவது குறைவு. அந்தப் பிடித்தத்தின் பேரில் அவள் என்ன செய்கிறாள் என்பதிலிருந்து தெரியவருவது அதிகம். ஆல்பப் பெட்டி வாங்கக் கணக்கெழுதிப் பணம் ஒதுக்கும் பெண்ணும், எண்ணிக்கைக்காக ஒரே பாட்டை ஒலியில்லாமல் இரவெல்லாம் ஓடவிடும் பெண்ணும் ஒரே ஆர்மிதான். வீட்டில் அவர்களுக்குத் தேவைப்படும் பேச்சு வேறு வேறு.