ஆறு பொறியும் ஓர் உருவமும்

திருப்பரங்குன்றத்தை ஒட்டிய திருநகரில், திருவிழாப் பந்தல் எழுந்தால் முருகன் இல்லாத லைட் செட்டிங் அபூர்வம். வேல் எரியும், மயில் தோகை விரிக்கும், ஓம் சுழலும். முன்பு சாயம் பூசிய குண்டு பல்புகளைப் பலகையில் உருவமாகக் கட்டி அணைத்து அணைத்து எரிய விட்டார்கள். ஒரு பல்புக்கு ஒரே நிறம்தான். மயிலின் கழுத்து நீலம் என்றால் விடியும்வரை நீலம். இப்போது ஒவ்வொரு பல்புக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கின்றன. டபிள்யூஎஸ்2811 போன்ற சின்ன சிப் ஒன்று ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில் கூட்டிக் குறைக்கிறது. அதனால் உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து கலக்கின்றன: வேல் உருகி மயிலாகிறது, மயில் கரைந்து தாமரையாகிறது. போர்டுக்குப் போர்டு இதே உருகல்தான். இந்தக் கலைக்குள் ஒரு பெரிய வலிமை இருக்கிறது. அதை நாம் தவறான இடங்களில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் எண்ணம்.

உருவங்கள் ஒட்டிக்கொள்ளும் கணக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முந்தையது. 1980இல் வந்த கார்ல் சாகனின் ‘காஸ்மோஸ்’ தொடருக்கு டிஎன்ஏ மூலக்கூறை அசைத்துக் காட்ட ஜிம் ப்ளின் உருவாக்கிய முறை அது; 1982இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இதே போன்ற முறை ‘மெட்டாபால்’ என்ற பெயரில் வளர்ந்தது. உருவத்துக்கு எல்லைக்கோடு போடுவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி ஒரு விசையைப் பரப்புவதாக வைத்துக்கொள்கிறோம். தூரம் கூடக் கூட விசை குறையும். எல்லாப் புள்ளிகளின் விசையையும் ஓரிடத்தில் கூட்டி, கூட்டுத்தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்த இடம் உருவத்துக்குள். இரண்டு வட்டங்கள் நெருங்கும்போது தொடுவதற்கு முன்பே ஒன்றை நோக்கி ஒன்று புடைக்கும். பிறகு நடுவில் மெல்லிய கழுத்து முளைக்கும், கழுத்து தடித்து இரண்டும் ஒன்றாகிவிடும்.

பந்தல் போர்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. வரிசைக்கு 32 பல்பு, 32 வரிசை என்றால் மொத்தம் 1,024தான். அதில் நேர்த்தியான வளைகோடு வரைய முடியாது, படிக்கட்டுபோல் உடையும். ஆனால் இந்த முறையில் ஒவ்வொரு பல்புக்கும் விசையின் அளவு கையில் இருக்கிறது. ஓரத்துப் பல்புகளை அந்த அளவுக்கேற்ப மங்கலாக எரியவிட்டால் தெருவின் மறுகோடியில் நிற்பவர் கண்ணுக்கு விளிம்பு வழுவழுவென்று தெரியும். வேகத்திலும் தொல்லை குறைவு. இந்தச் சிப்பில் ஒரு பல்புக்கு 24 பிட், அதை அனுப்ப 30 மைக்ரோநொடி. 1,024 பல்பையும் ஒரே தொடராகக் கட்டினாலும் நொடிக்கு முப்பது சொச்சம் படங்கள் ஓடும். கண்ணுக்கு அது போதும்.

சரி, இதை எதற்குப் பயன்படுத்துவது? திருப்பரங்குன்றத்தில் சரவணப் பொய்கை இருக்கிறது, அந்த ஊர்க்காரருக்குக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்றிக்கண்ணின் ஆறு பொறிகள் பொய்கையில் ஆறு குழந்தைகளாகின்றன, அன்னை சேர்த்து அணைக்க ஒருவனாகிறான். உருவங்கள் நெருங்குவதும், தொடும் முன்பே ஒன்றையொன்று நாடிப் புடைப்பதும், ஒன்றாவதும் இந்தக் கதையில் அலங்காரம் இல்லை, அதுதான் சம்பவமே. ஆறு வட்டங்களை மெதுவாக நெருங்கவிட்டு அந்தக் கழுத்து முளைக்கும் கணத்தைக் கொஞ்சம் நீட்டினால், எந்த வரைபடமும் காட்டாத ஒன்றை அந்த மலிவான போர்டு காட்டிவிடும். மயில் தாமரையாவதற்கு இப்படி எந்தக் காரணமும் இல்லை. மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது, அதனால் ஆகிறது. பார்ப்பவர் மயிலை ரசித்து முடிப்பதற்குள் அதன் கோடுகள் குழம்பிப்போகின்றன.

இதே காட்சியில் முறையின் ஆழமான குறையும் வெளிப்படுகிறது. ஆறுமுகனுக்கு உடல் ஒன்று, முகம் ஆறு, கை பன்னிரண்டு. உடல்கள் கலக்க வேண்டும், முகங்கள் கலக்கக் கூடாது. கணக்குக்கு அந்த வேறுபாடு தெரியாது. அருகில் வந்த எல்லாவற்றையும் ஒட்டிவிடும், முகங்கள் ஒரே உருண்டையாகிவிடும். மெட்டாபாலில் மனித உருவம் செய்தவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள்: கையை இடுப்பருகே கொண்டுவந்தால் கை இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். எது எதோடு கலக்கலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பதே தீர்வு. பந்தல் போர்டில் உடல்களை ஒரு அடுக்காகவும் முகங்களைத் தனி அடுக்காகவும் வைத்தால் போதும். அதை ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், ஆயத்த எஃபெக்ட் யோசித்துத் தராது.

நிறத்துக்கு வருவோம். ஆறு பொறிக்கும் வானவில்லிலிருந்து ஆளுக்கொரு நிறம் கொடுத்து, கலக்கும்போது சராசரி எடுத்தால் விடை வெளிறிய சாம்பல். சராசரி எடுக்காமல் கூட்டினால் மூன்று நிறமும் உச்சத்தில் முட்டி வெறும் வெள்ளையாகும், வடிவமே அதில் மூழ்கும். நெருப்பின் குடும்பத்துக்குள், அதாவது சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலேயே, ஆறு நிறங்களையும் எடுத்திருந்தால் நடுவில் பிறப்பதும் நெருப்பாகவே இருக்கும். கலவையின் அழகு தொடக்க நிறங்களில் பாதி, இடையில் வருவதில் பாதி. இடையில் வருவதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதுதான் இன்றைய வழக்கத்தின் பெரிய ஓட்டை.

திரையில் பார்த்து வடிவமைத்ததைப் போர்டில் ஓட்டும்போது இன்னொரு ஏமாற்றம் வரும். கணினித் திரையில் 128 என்ற எண் முழு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தரும். திருத்தம் செய்யாத எல்இடியில் அதே எண் பாதி ஒளி. அதனால் திரையில் ஆழமாகத் தெரிந்த ஊதா, போர்டில் சுண்ணாம்பு கலந்ததுபோல் வெளுத்துவிடும். எல்இடியின் ஒளியைத் திரையின் கணக்குக்கு இறக்கும் காமா திருத்தம் போட்டால் நிறம் மீளும், ஆனால் 256 படிகளில் கீழே உள்ள முதல் 15 படிகள் பூஜ்யமாகிவிடும். மங்கி மறைய வேண்டிய விளிம்பு சட்டென்று அறுந்து நிற்கும். நான் திருத்தத்தின் பக்கம்தான். விளிம்பு அறுவதைத் தெருக்கோடியிலிருந்து யாரும் கவனிக்கப் போவதில்லை, வெளுத்த முருகனை எல்லோரும் பார்ப்பார்கள்.

மின்கம்பிக்கும் இதில் பங்குண்டு. 5 வோல்ட் பல்பு ஒன்று முழு வெள்ளையில் சுமார் 60 மில்லியாம்பியர் இழுக்கும். 1,024 பல்பும் சேர்ந்தால் 60 ஆம்பியருக்கு மேல். மெல்லிய கம்பியில் ஒரு முனையிலிருந்து மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனையில் வோல்ட் இறங்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட் தேவை, முதலில் சோர்வது அவைதான். கடைசி வரிசைகளில் வெள்ளை செம்மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். கணக்கு எவ்வளவு நுட்பமாக நிறத்தைக் கலந்தாலும் கடைசிக் கலவையைக் கம்பி செய்துவிடும். இரண்டு முனையிலும், முடிந்தால் நடுவிலும் மின்சாரம் கொடுத்துக் கட்டினால் சரியாகும். கம்பிச் செலவும் ஒரு சாயங்கால வேலையும் கூடும். விழாக் குழு வாடகை பேசும்போதே இதையும், ஊர்க் கதைக்கென்று ஒரு காட்சியையும் கேட்டு வாங்கலாம். மைக்செட்காரர்களில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.